தாமதம் யார் கணக்கில்?

“அண்ணே, இந்தியாவுக்கு அவசரமா ஒரு பார்சல் போடணும். எந்தக் கூரியர் நல்லது?”

வருடத்துக்குப் பத்துத் தடவையாவது இந்தக் கேள்வி எனக்கு வரும். நான் கூரியர் தொழிலில் இருப்பவன் இல்லை. ஆங்கிலத்திலும் மலாயிலும் பாரம் நிரப்பத் தெரிந்தவன் என்பதால் கெர்லிங் பக்கம் எனக்கு இப்படி ஒரு பேர் அமைந்துவிட்டது. கேட்பவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரு நிறுவனத்தின் பெயர், ஒரு விலை, அவ்வளவுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: “லேட்டானா யாருக்கு நஷ்டம்?”

சிலர் யோசிக்கிறார்கள். சிலர் எரிச்சலாகிறார்கள். விலை கேட்க வந்தவனிடம் தத்துவம் பேசினால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் இதற்குப் பதில் தெரியாமல் எந்தச் சேவை சரியானது என்று என்னால் சொல்ல முடிவதில்லை. அவசரம் என்பது பொருளில் இருக்கிறதா, அனுப்புகிறவனின் மனசில் இருக்கிறதா, பெறுகிறவரின் நிலைமையில் இருக்கிறதா? கூரியர் கடையின் விலைப்பட்டியல் இதைக் கேட்பதில்லை. எடையைக் கேட்கும், ஊரைக் கேட்கும், எத்தனை நாளில் என்று கேட்கும். ஏன் என்று கேட்காது.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். 44100 என்ற அஞ்சல் குறியீடு கொண்ட கெர்லிங், செலாங்கூரின் வடக்கு மூலையில், கோலகுபு பாருவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் நடுவில், பழைய கூட்டரசுச் சாலையில் இருக்கிறது. தண்டவாளம் ஊர் வழியாகத்தான் போகிறது. பயணிகள் ரயில் எதுவும் இங்கே நிற்பதில்லை. விமான நிலையமோ மாநிலத்தின் தெற்குக் கோடியில், செப்பாங்கில். ஆக, சென்னைக்குப் போகவேண்டிய பெட்டி முதலில் செலாங்கூரை வடக்கிலிருந்து தெற்காக முழுக்கக் கடக்கணும். அங்கிருந்து சென்னைக்கு விமானம் சுமார் நான்கு மணி நேரம். பெட்டி எடுத்துக்கொள்ளும் மற்ற நேரமெல்லாம் தரையில் கழிகிறது. இந்தப் பக்கம் வண்டி வந்து எடுக்கிற வரைக்கும் காத்திருப்பு, பிரிக்கும் கூடம், அந்தப் பக்கம் சுங்கம், அதற்கப்புறம் கிராமத்துக்குப் போகும் ரோடு.

அதனால் கூடுதல் காசு கொடுத்து நாம் வாங்குவது வேகமான விமானத்தை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எல்லா விமானமும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் பறக்கின்றன. நாம் வாங்குவது தரையில் கொஞ்சமாகக் காத்திருக்கும் வசதியை. தபால் வழியாகப் போகும் இ.எம்.எஸ். சேவையில் நம் நாட்டு அஞ்சல், பெட்டியை அந்த நாட்டு அஞ்சல் துறையிடம் ஒப்படைக்கும். நடுவில் ஒரு கை மாறுகிறது. டி.எச்.எல்., ஃபெடெக்ஸ், யு.பி.எஸ். போன்ற நிறுவனங்களில் வீட்டு வாசலில் எடுப்பதிலிருந்து சுங்கத்தில் பேசுவது வரைக்கும் ஒரே வலைப்பின்னல். விலை அதிகம். பல பேருடைய பெட்டிகளைச் சேர்த்து மொத்தமாக அனுப்பும் ஏஜென்சிகளும் உண்டு. மலிவு, ஆனால் மொத்தம் சேருகிற வரைக்கும் நம் பெட்டி மூலையில் கிடக்கும். நான்காவது வழி எந்த விலைப்பட்டியலிலும் இல்லை: ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுத்து அனுப்புவது.

இன்னும் சில விஷயங்கள். ‘மூன்று வேலை நாள்’ என்றால் அதில் வார இறுதியும் பொது விடுமுறையும் சுங்கத்தில் நிற்கும் நாளும் சேராது. மாலை வண்டி கிளம்பிய பிறகு கொடுத்த பெட்டி மறுநாள் கணக்கு. பெட்டி பெரிதாகவும் உள்ளே பாதி காற்றாகவும் இருந்தால், நீளம் அகலம் உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருகிற எடைக்குத்தான் பெரும்பாலும் காசு. ஒதுக்குப்புற ஊர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு, இரண்டு முனைக்கும் அஞ்சல் குறியீட்டைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளணும். இந்தியாவில் வாங்குகிறவரின் அடையாளச் சான்றைக் கேட்பார்கள், அதனால் அட்டையில் உள்ள பெயரையே முகவரியில் எழுதணும். இதெல்லாம் தகவல். கவுண்டரில் பத்து நிமிடம் நின்றால் யாரும் சொல்லிவிடுவார்கள். முடிவெடுப்பது இதற்கப்பால் இருக்கிறது.

நேரத்துக்குப் போய்ச் சேரணும் என்ற கட்டாயம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. ரப்பர்த் தோட்டக் காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நின்றது எதற்காக? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். வடிந்த பால் மங்கிலேயே இறுகிப்போகும் முன்பு அதைச் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுபோகணும். இறுகிவிட்டால் அது கட்டிப்பால், காசு குறைவு. இப்போது ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. அதிலும் இதே கதைதான். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகவில்லை என்றால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். காலம் தவறினால் கெட்டுப்போகிற சரக்கை நூறு வருடத்துக்கும் மேலாகத் தோளிலும் சைக்கிளிலும் சுமந்தவர்கள் எங்கள் ஆட்கள். அந்தச் சரக்கின் அவசரத்துக்காக அவர்களுடைய தூக்கம் குறைக்கப்பட்டது.

அதே ஆட்களின் சொந்தச் சேதி மட்டும் மெதுவாகத்தான் போய் வந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலை இங்குள்ள பெரியவர்கள் இன்னும் பேர் சொல்லிப் பேசுவார்கள். அந்தக் காலத்துக் கடிதம் கடல் தாண்டி வந்து தோட்டத்து ஆபீசில் கிராணியின் மேசையில் கிடக்கும். வேலை முடிந்து போய்த்தான் வாங்கணும். வாசிக்கத் தெரியாதவர்கள், தெரிந்த ஒருவரைத் தேடணும். ஊரில் அப்பா செத்த சேதி, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு லயத்துக்கு வந்து சேரும். குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மறுநாள் காலை மரம் வெட்டப் போனவர்கள் எத்தனையோ பேர்.

அந்தத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்குப் பின்னால் ஒரு பழைய விதி இருக்கிறது. மனு என்றதும் முகம் சுளிக்கிறவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் அந்த நூலில் தாமதமாக வந்த சாவுச் சேதிக்கு ஒரு கணக்குப் போட்டிருப்பது கவனிக்கத்தக்கது. தூர தேசத்தில் நடந்த சாவைப் பத்து நாளுக்குள் கேட்டால் மிச்சமிருக்கும் நாளுக்குத் தீட்டு. பத்து நாள் தாண்டிக் கேட்டால் மூன்று இரவு. ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஒரு முழுக்குப் போதும். தீட்டு என்ற கருத்தை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். தூரத்தில் இருப்பவனைத் தாமதத்துக்காகக் குற்றவாளியாக்கக் கூடாது என்ற ஒரு புரிதல் அதில் இருக்கிறது. சேதி எப்போது வந்ததோ அப்போதிலிருந்துதான் அவனுக்குக் கடமை தொடங்குகிறது. அதற்கு முந்திய நாட்கள் கடலுடைய கணக்கில் போய்விடும்.

நமக்கு இந்த மன்னிப்பு இல்லை. கப்பலும் காற்றும் முடிவு செய்த காலத்தில் தாமதம் விதி. இன்று கவுண்டரில் இரண்டு விலை எழுதிப் போட்டிருக்கும்போது அது நாம் எடுத்த முடிவாகிவிடுகிறது. ‘இவ்வளவு கொடுத்திருந்தா நாளன்னைக்கே போயிருக்கும்’ என்று பிறகு யாராவது சொல்லலாம், நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளலாம். வேகம் விலைக்குக் கிடைத்ததும் தாமதம் குற்றமாக மாறிவிட்டது. காசில்லாதவனுக்கு இது இன்னும் கொடுமை. அவனுடைய தாமதம் அன்புக் குறைச்சலாகத் தெரியும்.

இந்த மாற்றம் தொடங்கிய இடமும் சுவாரசியமானது. 1969-இல் டால்சி, ஹில்புளோம், லின் என்ற மூன்று அமெரிக்கர்கள் டி.எச்.எல். நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் சுமந்தது சரக்கை இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஹோனலூலுவுக்குக் கப்பலில் வரும் சரக்குக்கான காகிதங்களை விமானத்தில் முன்கூட்டியே கொண்டுபோனார்கள். காகிதம் முதலில் போய்விட்டால் கப்பல் வருவதற்குள் சுங்க வேலை முடிந்துவிடும், சரக்கு துறைமுகத்தில் தேங்காது. எக்ஸ்பிரஸ் சேவை பிறந்ததே தேங்கிக் கிடந்தால் காசு நஷ்டம் என்ற கணக்கிலிருந்து. அந்தக் கணக்கில் வியாபாரத்தின் அவசரம் துல்லியமாக அடங்கும். மற்றவர்களின் அவசரம் அடங்காது.

சட்டத்திலும் இது தெரிகிறது. இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற ஊரில் ஒரு மாவு ஆலை. அதன் இயந்திரத்தின் தண்டு உடைந்துபோனது. புதுத் தண்டு செய்ய மாதிரி வேண்டும் என்பதால் உடைந்ததைக் கிரீனிச்சுக்கு அனுப்பினார்கள். சுமந்து செல்லும் நிறுவனத்தின் அலட்சியத்தால் சில நாட்கள் தாமதம். அத்தனை நாளும் ஆலை நின்றது. ஆலைக்காரர் ஹாட்லி வழக்குப் போட்டார். 1854-இல் வந்த தீர்ப்பு சட்ட மாணவர்கள் எல்லோரும் படிப்பது. தாமதத்தால் இயல்பாக வருகிற நஷ்டத்துக்குத்தான் சுமப்பவர் பொறுப்பு. அதற்கு மேலான விசேஷ நஷ்டத்துக்கு அவர் பொறுப்பாகணும் என்றால், ஒப்பந்தம் செய்யும்போதே அந்த விசேஷ நிலைமை அவருக்குத் தெரிந்திருக்கணும். வேறு தண்டு இல்லை, இது போகாவிட்டால் ஆலையே நிற்கும் என்பது அவருக்குத் தெரியாதென்றால் அந்த நஷ்டம் அவர் கணக்கில் வராது. இந்தக் கருத்துதான் 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவிலும், மலேசியாவின் 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவிலும் இருக்கிறது. கெர்லிங்கிலிருந்து சேலத்துக்குப் போகும் பெட்டிக்கு இரண்டு முனையிலும் ஒரே தர்மம்.

எனக்கு இந்தத் தீர்ப்பு நியாயமாகத்தான் படுகிறது. என் அவசரம் என்ன என்று சொல்லாமல், அதன் முழுப் பாரத்தையும் முகம் தெரியாத ஒருவன் தலையில் நான் ஏற்ற முடியாது. ஆனால் இன்றைக்கு யாரிடம் போய்ச் சொல்வது? சரக்குச் சீட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத இடம் இருக்கு, மதிப்பு எழுத இடம் இருக்கு. ‘என் தங்கச்சி படுத்த படுக்கையா இருக்கா’ என்று எழுத இடமில்லை. கவுண்டர் பெண்ணிடம் சொன்னால் பாவப்படுவார். பெட்டியோடு அந்தப் பாவம் போகாது.

விமானச் சரக்குக்கான மொன்றியல் உடன்படிக்கை இன்னும் வெளிப்படையானது. 1999-இல் எழுதப்பட்டது, மலேசியாவும் இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கின்றன. சரக்கு தொலைந்தாலும் கெட்டாலும் தாமதமானாலும் விமானச் சுமப்பாளர் தரவேண்டிய நஷ்டஈட்டுக்கு அது ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது, கிலோவுக்கு இவ்வளவு என்று. தொடக்கத்தில் கிலோவுக்கு 17 எஸ்.டி.ஆர். இருந்தது. எஸ்.டி.ஆர். என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. 2024 டிசம்பர் 28 முதல் அது 26. அதற்கு மேல் வேண்டும் என்றால் ஒப்படைக்கும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டணும். தபாலில் போகும் பொருளுக்கு இதுவும் பொருந்தாது. அங்கே விமான நிறுவனம் அஞ்சல் துறைக்கு மட்டும்தான் பதில் சொல்லும். உதவியின் பெருமையைக் காலத்தை வைத்து அளக்கச் சொன்ன வள்ளுவரைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இங்கே காலம் தவறியதற்கான விலை நிறுவையில் போடப்படுகிறது. வேறு எப்படித்தான் செய்வது என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. உலகம் முழுக்க ஓடும் ஒரு தொழிலுக்கு எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும், எடைதான் சண்டையில்லாத அளவு. அதனால் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: இந்தப் பொருள் ஏன் அவசரம் என்பது அனுப்புகிறவருக்கு மட்டுமே தெரியும். அந்த அறிவை எவ்வளவு காசு கொடுத்தும் வேறொருவர் கைக்கு மாற்ற முடியாது. கூடவே வரும் பொறுப்பையும்தான்.

இங்கே பக்கத்துத் தாமானில் ஒரு பாட்டி இருக்கிறார். அவரும் தங்கையும் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். 1968-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று சட்டம் வந்ததும், சிவப்பு ஐசி வைத்திருந்த ஆயிரக்கணக்கான தோட்டத்து ஜனங்கள் மூட்டை கட்டினார்கள் இல்லையா? தங்கையின் புருஷனும் அதில் ஒருவர். 1970-இல் தங்கை கப்பலேறி சேலம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார். அக்காள் இங்கேயே தங்கிவிட்டார். அவர்களுடைய அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். கோலகுபு பாருவில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது, கண்ணாடிச் சட்டம் போட்டது. அது அக்காள் வீட்டில் மாட்டியிருந்தது.

தங்கை படுத்த படுக்கையாகிவிட்டார் என்று சேதி வந்ததும், அந்தப் படத்தையும் அம்மாவின் ஒரு சேலையையும் அனுப்பணும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தார். பேரன் என்னிடம் வந்தான். எக்ஸ்பிரஸ் விலை அவனுக்கு ஒரு மாத மளிகை. “படத்தை ஸ்கேன் பண்ணி வாட்சாப்ல போட்டுட்டேன் அண்ணே. அவங்க பாத்தும் பாத்துட்டாங்க. இதுக்கு மேல எதுக்கு?” என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. பாட்டி சொன்ன பதில் வேறு மாதிரி இருந்தது. “அவ பாக்கணும்னு கேக்கலப்பா. அம்மா படம் அவகிட்ட இருக்கணும்னு கேட்டா.”

படத்தின் சேதி ஒரு நொடியில் போய்விட்டது. படம் போகவில்லை. எது தகவல், எது பொருள் என்று பிரிக்கத் தெரிந்தால் பாதி அவசரத்துக்குக் கூரியரே தேவைப்படாது. மீதிப் பாதிக்கு வேறு எதுவும் போதாது.

பேரன் எக்ஸ்பிரஸிலேயே அனுப்பினான். பெட்டி நாலாம் நாள் இந்தியா போய்விட்டது. அங்கே அடையாளச் சான்று கேட்டு நின்றது. பாட்டி ஐம்பது வருடமாகக் கூப்பிட்ட பேர் ஒன்று, தங்கையின் அட்டையில் இருந்த பேர் வேறு. தங்கை மகன் ஓடியாடி அதைச் சரி செய்தார். 2019 டிசம்பரில் இந்திய அரசு, தபாலிலும் கூரியரிலும் ‘அன்பளிப்பு’ என்று சொல்லி வரும் பொருட்களுக்கு இருந்த சலுகையை நிறுத்தியபோது இரண்டுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தது: உயிர் காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. மற்றவை முழுச் சுங்கம் கட்டித்தான் வரணும். மருந்து புரிகிறது. கயிறும் புரிகிறது, குறித்த நாளில் கட்டாவிட்டால் அது வெறும் நூல்தானே. நாள் தவறினால் அர்த்தம் போய்விடும் பொருட்கள் உலகத்தில் உண்டு என்று ஒரு அரசாங்கம் காகிதத்தில் ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். அம்மாவின் பழைய சேலை அந்தப் பட்டியலில் இல்லை.

ஒன்பதாம் நாள் பெட்டி வீட்டுக்கு வந்தது. தங்கை ஏழாம் நாளே போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்தில் மகள் படத்துக்குப் பக்கத்தில் அம்மா படத்தை வைத்துக் கும்பிட்டார்களாம்.

“காசும் போச்சு, ஆளும் போச்சு” என்று பேரன் நொந்துகொண்டபோது நானும் அங்கே இருந்தேன். பாட்டி அவனைச் சமாதானப்படுத்தினார். “இந்த ஒம்பது நாள் யாரு தப்பும் இல்லப்பா. அவ இந்தப் படத்தக் கேட்டு லெட்டர் போட்டு முப்பது வருஷம் இருக்கும். தபால்ல தொலைஞ்சிடுமேன்னு நாந்தான் வச்சிக்கிட்டேன். அதுதான்லா லேட்டு.”

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு இந்த விஷயத்தைச் சொன்னதில்லை. எக்ஸ்பிரஸ் நிறுவனம் விற்பது கடைசிச் சில நாட்களை. அதற்கு முன் நடந்த தாமதத்தை அவர்கள் வாங்கிக்கொள்ள முடியாது. ஒரு தாமதத்துக்குப் பல பங்குதாரர்கள் இருப்பார்கள். வானிலை, சுங்கம், விடுமுறை, முகவரி, கடைசியில் நாம். தெரிந்துகொண்ட நாளுக்கும் அனுப்பிய நாளுக்கும் இடையில் இருப்பது நம் பங்கு. மற்றதில் நமக்கு அதிகாரம் கிடையாது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் வந்தபோது ஃபெடெக்ஸும் யு.பி.எஸ்ஸும் குறித்த நேரத்தில் போகாவிட்டால் பணம் வாபஸ் என்ற உத்தரவாதத்தையே நிறுத்திவைத்தன. எல்லாருக்கும் அவசரம் வந்த நேரத்தில் அவசரத்துக்கான வாக்குறுதி இல்லை. அதற்காக அவர்களைத் திட்டுவதில் பயனில்லை, விமானங்களே நின்றுபோயிருந்தன. விலைக்கு வாங்கிய வேகத்துக்கும் ஓர் எல்லை இருக்கு என்று தெரிந்துகொண்டால் போதும்.

சரி, அப்படியானால் எப்போதும் விலை உயர்ந்ததையே பிடித்துக்கொள்ள வேண்டியதா? அப்படியும் இல்லை. தாமதமானால் நஷ்டம் யாருக்கு, அந்த நஷ்டம் பிறகு சரி செய்யக்கூடியதா என்று பார்த்தால் போதும். நஷ்டம் எனக்கு மட்டும் என்றால் நான் காசை மிச்சம் பிடிப்பது சிக்கனம். இன்னொருவருக்கு என்றால், அதுவும் திரும்பக் கிடைக்காதது என்றால், அவர் தலையில் என் சிக்கனத்தை ஏற்றுகிறேன் என்று அர்த்தம். கல்லூரிச் சேர்க்கைக்கு அசல் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள், கடைசித் தேதி குறித்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போகும். அங்கே யோசிக்காமல் வாசலிலிருந்து வாசலுக்கு ஒரே கையில் போகும் சேவையைப் பிடிக்கணும். தீபாவளி முறுக்கு நாலு நாள் கழித்துப் போனால் நமுத்துப்போகும், அவ்வளவுதான். அதற்கு எக்ஸ்பிரஸ் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் முன்னாடி சுட்டிருந்தால் சாதாரணத் தபால் போதும்.

அஸ்தி விஷயமாகவும் கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலோர் இங்கேயே ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிடுகிறோம். ராமேசுவரத்தில்தான் கரைக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். பெரிய எக்ஸ்பிரஸ் நிறுவனங்களின் தடைப் பட்டியலில் அஸ்தியும் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் பதறுவார்கள். பதற வேண்டாம் என்பேன். போனவருக்கு அவசரம் இல்லை. வீட்டில் ஒருத்தர் லீவு கிடைக்கும்போது உரிய காகிதங்களோடு கையில் கொண்டுபோகட்டும், மூன்று மாதம் கழித்து ஆனாலும் பரவாயில்லை. காத்திருப்பதே மரியாதையாக இருக்கும் பொருட்களும் உண்டு.

அவசரம் இல்லாததற்கு அவசரம் காட்டினால் யாருக்கு என்ன நஷ்டம், காசு என்னுடையதுதானே என்று ஒருவர் கேட்கலாம். காசு அவருடையதுதான். ஆனால் எக்ஸ்பிரஸ் தொழில் ராத்திரியில்தான் மூச்சுவிடுகிறது. பகலில் எடுத்த பெட்டிகளை இரவோடு இரவாகப் பிரித்து விடியுமுன் விமானமேற்றுவதுதான் அந்த ஏற்பாடு. கண்விழித்துப் பிரிக்கிறவர்கள், மழையில் மோட்டாரை ஓட்டிக்கொண்டு செம்பனைக் காட்டுக்கு நடுவில் வீட்டு நம்பர் இல்லாத வீட்டைத் தேடுகிறவர்கள், போன் லைன் கிடைக்காமல் திரும்பி மறுபடி வருகிறவர்கள், இவர்களுடைய நேரத்தைத்தான் நாம் வாங்குகிறோம். முதலாளியின் பாலுக்காக விடியுமுன் எழுந்த சனத்தின் பேரப்பிள்ளைகள் நாம். நம் மறதியைச் சரிக்கட்ட இன்னொருவனை விடியுமுன் எழுப்புகிறோமா, உண்மையான தேவைக்காக எழுப்புகிறோமா என்ற வித்தியாசம் நமக்காவது தெரியணும்.

அதனால் இப்போதெல்லாம் கேட்டு வருகிறவர்களிடம் விலை சொல்வதற்கு முன் ஒரு தாளில் இரண்டு தேதி எழுதச் சொல்கிறேன். அந்தப் பொருள் அங்கே எப்போது வேண்டும் என்பது ஒன்று. அது வேண்டும் என்று நமக்கு எப்போது தெரிந்தது என்பது மற்றொன்று. முதல் தேதியைப் பார்த்தால் எந்தச் சேவை என்று தெரிந்துவிடும்; அதற்கு நான்கூடத் தேவையில்லை, கவுண்டரில் சொல்வார்கள். இரண்டாவது தேதியை எழுதும்போதுதான் பேனா கொஞ்சம் நிற்கிறது. ஒருவர் அந்த இடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு, பார்சலே போடவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விட்டார்.